ஜனாதிபதி அறை

வாஷிங்டன் நகரத்துக் காபிடல் மாளிகையில், செனட் சபை கூடும் மண்டபத்தை ஒட்டினாற்போல், சுவரிலும் விதானத்திலும் வர்ணச் சித்திரங்கள் தீட்டிய சிறிய அறை ஒன்று இருக்கிறது. அதற்கு ஜனாதிபதி அறை என்று பெயர். சபையின் கூட்டத் தொடர் முடியும் நாளில், கடைசி நிமிஷத்தில் நிறைவேறும் மசோதாக்களுக்குக் கையெழுத்திட வரும் ஜனாதிபதி சற்று நேரம் உட்கார்ந்து போவதற்காக ஏற்பட்ட அறை அது. ஒரே ராஜ்யத்தை நடத்த வேண்டிய இரண்டு அதிகாரங்களை இரு வேறு மாளிகைகளில் குடிவைத்து, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் விருந்தாளியாகவே வரவேண்டும் என்று விதித்த அமெரிக்க அரசியல் சாசனத்தின் சுபாவம் அந்த அறையைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

இந்த விலகல் முதல் ஜனாதிபதியின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. செனட் சபையின் யோசனையும் சம்மதமும் பெற்றே அந்நிய உடன்படிக்கைகளைச் செய்யவேண்டும் என்று சாசனம் சொல்லியிருந்ததை அக்ஷரப்படி எடுத்துக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன், தென்பகுதிச் செவ்விந்தியரோடு செய்யக் கருதிய உடன்படிக்கை பற்றி யோசனை கேட்க, 1789ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் தேதி, அப்போது நியூயார்க்கில் கூடிக்கொண்டிருந்த செனட் சபைக்குத் தாமே நேரில் வந்தார். உப ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் பத்திரத்தை வாசிக்க, தெருவில் ஓடிய வண்டிகளின் இரைச்சலில் ஒன்றும் சரியாகக் காதில் விழாமல், ஜன்னல்களை அடைக்க நேர்ந்தது. பிறகு, விஷயத்தை ஒரு கமிட்டியிடம் விட்டுவிடலாம் என்று ஓர் அங்கத்தினர் பிரேரேபித்தார். தாம் வந்த காரியமே கெட்டது என்று கோபத்தோடு எழுந்த வாஷிங்டன், திங்கட்கிழமை மறுபடி வந்து வேலையை முடித்துக்கொண்டாரே தவிர, அப்புறம் யோசனை கேட்பதற்காக அந்தச் சபையின் வாசற்படியை மிதிக்கவே இல்லை. அன்று சபையில் இருந்த வில்லியம் மாக்லே என்ற அங்கத்தினர் தம் நாட்குறிப்பில் இதையெல்லாம் எழுதிவைத்திராவிட்டால், அந்த வண்டிச் சத்தம் நமக்குக் கேட்டிராது. 1801இல் ஜெபர்ஸன், சபையில் நேரில் வந்து பேசும் வழக்கத்தையும் நிறுத்தி, செய்தியை எழுதியனுப்பத் தொடங்கினார்.

ஜனாதிபதிக்கும் சட்டசபைக்கும் இடையிலான இந்தச் சம்பந்தத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் உட்ரோ வில்ஸன். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் மாணவராக இருந்தபோது அவர் எழுதி, 1885ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த நூலுக்குக் 'காங்கிரஸ் அரசாங்கம்' என்று பெயர். காங்கிரஸ் என்றதும் நம் வாசகர்களுக்குக் கட்சி ஞாபகம் வருவது இயல்பு. இங்கே அது செனட்டோடு இன்னொரு சபையும் சேர்ந்த அமெரிக்காவின் சட்டசபை. ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் வாஷிங்டனுக்குப் போய்விடலாம் என்றிருந்தும், அந்த நூலை எழுதிய காலத்தில் அவர் காங்கிரஸின் கூட்டத்தைப் போய்ப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் ஆட்சிமுறையைப் பற்றி வால்டர் பாஜட் எழுதிய நூலே அவருக்கு ஆதர்சம். இங்கிலாந்தில் மந்திரிகள் சபையின் நடுவே உட்கார்ந்து கேள்விக்கு விடை சொல்கிறார்கள். அமெரிக்காவிலோ நாற்பதுக்கு மேற்பட்ட கமிட்டிகள் தனித்தனி அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு சட்டங்களை உருவாக்குகின்றன. ஒரு காரியம் கெட்டால் யாரைக் குற்றம் சொல்வது என்று ஜனங்களுக்குத் தெரிவதில்லை. ஜனாதிபதியோ பிறர் இட்ட கட்டளையை நடத்திவைக்கும் உத்தியோகஸ்தராகச் சுருங்கிவிட்டார். இதுவே அவருடைய வாதம். ஆண்ட்ரூ ஜான்ஸன் என்ற ஜனாதிபதி 1868இல் காங்கிரஸின் விசாரணைக்கு ஆளாகி, ஒரே ஒரு வோட்டினால் பதவி தப்பிய சம்பவம் நடந்து இருபது வருஷமும் ஆகாத காலத்தில் வில்ஸனுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

அந்நூலில் உடன்படிக்கைகளைப் பற்றிய பகுதிதான் என் மனத்தை விட்டு அகலாதது. செனட்டின் முன் ஜனாதிபதி எஜமானன் முன் நிற்கும் சேவகனைப் போன்றவர் என்றும், அந்தச் சபையை வழிக்குக் கொண்டுவர அவருக்கு உள்ள ஒரே உபாயம், பேச்சுவார்த்தையைத் தாம் தொடங்கும் உரிமையைக் கொண்டு, உலகத்தின் பார்வையில் தேசத்தைப் பின்வாங்க முடியாத வாக்குறுதியில் மாட்டிவைத்து, மறுத்தால் அவமானம் நேரும் என்று சபையை அஞ்சச் செய்வதே என்றும் இருபத்தேழு வயது வில்ஸன் எழுதினார்.

1898இல் ஸ்பெயினோடு நடந்த யுத்தத்துக்குப் பிறகு ஜனாதிபதி பதவியின் மதிப்பு உயர்ந்ததைக் கண்ட வில்ஸன், 1908இல் வெளியிட்ட நூலில் பழைய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். தேசியத் தலைவராக நிற்கும் திறமை ஒருவருக்கு இருந்தால் சாசனம் அவரைத் தடுக்காது என்றார். ஆனால் உடன்படிக்கை பற்றிய கருத்தை மாத்திரம் விடவில்லை.

ஐந்து வருஷங்களில் அவரே ஜனாதிபதியானார். 1913ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி, நூற்றுப்பன்னிரண்டு வருஷ வழக்கத்தை உடைத்து, சுங்க வரி மசோதா பற்றிக் காங்கிரஸின் முன் தாமே வந்து பேசினார். அதைவிடப் பெரிய காரியம், அடுத்த நாளே ஜனாதிபதி அறைக்கு வந்து, தம் கட்சிச் செனட்டர்களோடு உட்கார்ந்து மசோதாவைப் பற்றி விவாதித்ததுதான். அந்த வருஷம் முடிவதற்குள் வரிச் சட்டமும் மத்திய பாங்குச் சட்டமும் நிறைவேறின. இரு சபைகளிலும் தம் கட்சிக்கே பெரும்பான்மை இருந்தது அவருக்குப் பலம். ஆனால் பெரும்பான்மை இருந்தும் ஒன்றும் சாதியாத ஜனாதிபதிகள் அவருக்கு முன்னே இருந்தார்கள். கூடி உட்கார்ந்து பேசும் கலையை அந்த அறையில் அவர் பயின்றார் என்றே சொல்லவேண்டும்.

1918 நவம்பர் தேர்தலில் இரு சபைகளும் எதிர்க்கட்சியின் கைக்குப் போயின. செனட்டின் வெளிவிவகாரக் கமிட்டிக்கு அக்கிராசனராக வந்தவர் ஹென்றி காபட் லாட்ஜ். அவரும் கல்விமான், ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1879இல், இருபத்திரண்டு வயது மாணவர் வில்ஸன், மந்திரிசபை ஆட்சி பற்றி எழுதிய கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் இதே லாட்ஜ்தான்!

முதல் உலக யுத்தம் ஓய்ந்தபின் கூடிய பாரிஸ் சமாதான மகாநாட்டுக்குப் புறப்பட்ட வில்ஸன் ஒரு செனட்டரையும் கூட அழைத்துப் போகவில்லை. உலக சமாதானத்தைக் காக்க அங்கே அவர் நிறுவ முயன்ற சர்வதேச சங்கத்தின் அமைப்பு விதிகள் தங்களுக்குச் சம்மதமில்லை என்று 1919 மார்ச்சில் முப்பத்தேழு செனட்டர்கள் கையெழுத்திட்டபோது, சங்கத்தையும் சமாதான உடன்படிக்கையையும் பிரிக்கவே முடியாதபடி பின்னிவிடப் போவதாக அவர் நியூயார்க்கில் பகிரங்கமாகச் சொன்னார். 1885இல் வெளிவந்த நூலில் எழுதிய உபாயத்தைத்தான் அவர் கையாண்டார். தம் பழைய நூலை அவர் மறந்தார் என்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூலை மறக்கவில்லை, அந்தச் சிற்றறையில் கற்ற பாடத்தைத்தான் மறந்தார்.

லாட்ஜ் அவசரப்படவில்லை. கமிட்டி அறையில் உடன்படிக்கையை ஒரு வரி விடாமல் உரக்க வாசித்து இரண்டு வாரங்களைக் கழித்தார். நாற்காலிகள் காலியாக இருந்தபோதும் வாசிப்பு நிற்கவில்லை. சங்கத்தின் பத்தாவது ஷரத்து, அங்கத்துவ நாடுகளின் எல்லையைக் காக்கும் கடமையைச் சுமத்தியது. யுத்தம் தொடுக்கும் அதிகாரம் காங்கிரஸுடையது ஆதலால், ஒவ்வொரு சமயமும் காங்கிரஸ் சம்மதித்தாலன்றி அந்தக் கடமை தங்களைக் கட்டுப்படுத்தாது என்று எழுதவேண்டும் என்றார் லாட்ஜ். அந்த நிபந்தனையில் நியாயம் இருந்தது. அதைச் சொன்னவர் பகைவர் என்பதால் அதன் நியாயம் குறைந்துவிடாது. ஆகஸ்டு 19ஆம் தேதி கமிட்டியார் வெள்ளை மாளிகைக்கு வந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசியும், இணக்கம் உண்டாகவில்லை. ஜனங்களிடம் நேரே முறையிட மேற்கு மாகாணங்களுக்குப் புறப்பட்ட வில்ஸன், செப்டம்பர் 25ஆம் தேதி கொலராடோவில் பேசியபின் தளர்ந்து திரும்பினார். அக்டோபர் 2ஆம் தேதி பாரிசவாயு அவர் இடப்பக்கத்தை முடக்கிவிட்டது. படுக்கையிலிருந்து அவர் அனுப்பிய செய்தி, நிபந்தனைகளோடு ஏற்கவேண்டாம் என்பதே. நவம்பர் 19இல், நிபந்தனைகளுடன் வந்த தீர்மானம் 39க்கு 55 என்று தோற்றது. நிபந்தனையில்லாத தீர்மானமும் தோற்றது. 1920 மார்ச் 19இல் 49 பேர் நிபந்தனைகளுடன் ஏற்றனர்; 35 பேர் எதிர்த்தனர். உடன்படிக்கை நிறைவேறுவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வோட்டுக் குறைந்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் வில்ஸனுடைய சொந்தக் கட்சிக்காரர்கள்.

1921ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதி, பதவியின் கடைசி நாளில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு வில்ஸன் ஜனாதிபதி அறைக்கு வந்து மசோதாக்களுக்குக் கையெழுத்திட்டார். கூட்டத் தொடர் முடியப்போகிறது, மேற்கொண்டு சொல்ல ஏதேனும் உண்டா என்று கேட்கச் சம்பிரதாயப்படி ஒரு கமிட்டி உள்ளே வந்தது. அதன் சார்பில் பேசியவர் லாட்ஜ். தெரிவிக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று சொல்லி, நன்றி கூறி, வில்ஸன் அவருக்கு விடை கொடுத்தார்.