இணையத் துப்பாக்கிக் காணொளிகளும் பாதுகாப்பு விதிகளும்

யூடியூப் தளம் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் துப்பாக்கிக் காணொளிகள் அத்தளத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்தன. துப்பாக்கியைப் பிரித்துக் காட்டி அதன் பாகங்களை விளக்குவோர், இலக்கை நோக்கிச் சுட்டு அதன் துல்லியத்தை மதிப்பிடுவோர், வேடிக்கைக்காகப் பொருட்களைச் சுட்டுத் தகர்ப்போர் எனப் பலவகையினர் இவற்றை வெளியிடுகின்றனர். புதிதாகத் துப்பாக்கி வாங்கிய ஒருவருக்கு இக்காணொளிகளே முதல் ஆசிரியராக அமைவதும் உண்டு.

துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளோ, கற்பிப்பவர் மாணவரின் அருகில் நின்ற காலத்தில் உருவானவை. அருகில் எவரும் இல்லாத திரையில் அவ்விதிகளின் நிலை என்ன என்பதை இக்கட்டுரை சில நிகழ்வுகள் வழியாக ஆராய்கிறது.

விதிகள் உருவான வரலாறு

அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கம் 1871இல் தொடங்கப்பட்டபோது அதன் நோக்கம் குறிபார்த்துச் சுடும் திறனை வளர்ப்பதாகும். பாதுகாப்புப் பயிற்சி பின்னரே பரவலானது. வேட்டையின்போது நேர்ந்த விபத்துகளைக் கருதி, நியூயார்க் மாநிலம் 1949இல் இளம் வேட்டைக்காரர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்களும் காலப்போக்கில் இவ்வழியைப் பின்பற்றின.

இன்று பெரிதும் வழங்கும் நான்கு விதிகளைப் பரப்பியவர் ஜெஃப் கூப்பர் (1920–2006). கடற்படைத் தரைப்படை அதிகாரியாக இருந்த இவர், சில காலம் வரலாற்று ஆசிரியராகவும் பணியாற்றினார். 1976இல் அரிசோனா மாநிலத்தில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் கற்பித்த விதிகளின் சாரம் வருமாறு:

1. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும்.
2. அழிக்க விரும்பாத எதன் மீதும் துப்பாக்கியின் முனை படக்கூடாது.
3. குறி இலக்கின் மீது நிலைபெறும் வரை விரல் விசையைத் தொடக்கூடாது.
4. இலக்கு எது, அதற்கு அப்பால் என்ன உள்ளது என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

இவ்விதிகள் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை. விரல் தவறி விசையை அழுத்திவிட்டாலும், முனை பாதுகாப்பான திசையில் இருந்தால் எவருக்கும் காயம் ஏற்படாது. ஒருவர் காயமடைய வேண்டுமெனில் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு விதிகளாவது மீறப்பட்டிருக்க வேண்டும். ஒருவரின் கவனம் சற்றுத் தளர்ந்தாலும் உயிர் போகாதபடி அமைக்கப்பட்ட ஏற்பாடு இது. இதற்கு மேலும் ஒரு காவல் சுடுதளத்தில் உண்டு. ஆபத்தைக் காணும் எவரும் "நிறுத்து" என்று குரல் கொடுக்கலாம். கேட்டவுடன் அனைவரும் சுடுவதை நிறுத்திவிட வேண்டும்.

ஆர்லாண்டோ நிகழ்வு

பாதுகாப்பு பற்றிப் பலருக்கும் தெரிந்த முதல் காணொளிகளுள் ஒன்று யூடியூப் பிறப்பதற்கு முன்பே பதிவானது. 2004 ஏப்ரலில் புளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில், போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரி ஒருவர் சிறுவர்களுக்கும் பெற்றோருக்கும் உரையாற்றினார். தோட்டா இல்லை என நம்பித் தம் கைத்துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். அந்த அறையில் அதைக் கையாளும் தகுதி தமக்கு மட்டுமே உண்டு என்ற பொருள்படக் கூறிய சற்று நேரத்தில் அது வெடித்து, அவருடைய தொடையிலேயே குண்டு பாய்ந்தது. 2005இல் இக்காட்சி இணையத்திலும் தொலைக்காட்சியிலும் பரவியது. காணொளி கசிந்ததற்காக அவர் தம் துறையின் மீது தொடுத்த வழக்கு 2012இல் மேல்முறையீட்டிலும் தோல்வியடைந்தது.

தானியங்கி வகைக் கைத்துப்பாக்கியில் தோட்டாக்கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். குழலின் பின்னறையில் ஏற்கெனவே ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும். எனவே முதலில் கூட்டைக் கழற்ற வேண்டும். அதன் பின்னரே மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். வரிசையை மாற்றி, கூடு பொருந்தியிருக்கும்போதே மேற்பகுதியை இழுத்து விட்டால், புதிய தோட்டா ஒன்று அறைக்குள் ஏறிவிடும். காலியாக உள்ளது என்ற நம்பிக்கையே ஆபத்தானது என்பதால்தான் முதல் விதி முதலிடம் பெற்றது.

தனியே கேமராவின் முன்

2011இல் அமெரிக்கர் ஒருவர், இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை விரைந்து உருவிச் சுடும் பயிற்சியைத் தனியே பதிவு செய்தார். அப்போது தம் காலிலேயே சுட்டுக்கொண்டார். சிகிச்சைக்குப் பின் அக்காணொளியைத் தாமே வெளியிட்டு, காரணத்தையும் விளக்கினார். அன்று அவர் இரு வேறு அமைப்புகள் கொண்ட உறைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருந்தார். ஓர் உறைக்குப் பழகிய விரல்கள் மற்றோர் உறையில் தவறான இடத்தை அழுத்திவிட்டன. வெட்கத்துக்கு அஞ்சி மறைத்துவிடக்கூடிய ஒரு தவறு, பிறருக்குப் பாடமானது.

மின்னசோட்டா மாநிலத்தில் 2017 ஜூன் மாதம் நடந்ததற்கு அத்தகைய வாய்ப்பு இல்லாமற் போயிற்று. 22 வயது இளைஞர் ஒருவர் தடித்த கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றை மார்பில் பிடித்துக்கொண்டு, யூடியூபுக்காகத் தம்மைச் சுடும்படி 19 வயதுக் காதலியைக் கேட்டுக்கொண்டார். வேறொரு புத்தகத்தைக் குண்டு துளைக்கவில்லை என்று காட்டி அவரை இணங்க வைத்ததாக வழக்கு ஆவணம் கூறியது. .50 காலிபர் கைத்துப்பாக்கியின் குண்டு நூலைத் துளைத்து அவரைக் கொன்றது. அப்பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டு 180 நாள் சிறைத்தண்டனை பெற்றார். "நிறுத்து" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அன்று இருந்தவை கேமராக்கள்.

விதிகளுக்கு அப்பால்

2021 ஏப்ரலில் 'கென்டக்கி பாலிஸ்டிக்ஸ்' அலைவரிசையை நடத்துபவருக்கு நேர்ந்த விபத்து வேறு வகையானது. முனை இலக்கை நோக்கியே இருந்தது. ஆனால் பழைய, கவசம் துளைக்கும் வகைத் தோட்டா ஒன்றைச் சுட்டபோது .50 காலிபர் துப்பாக்கியின் பின்மூடி பெயர்ந்து, உலோகத் துண்டுகள் அவர்மீது பாய்ந்தன. கழுத்துச் சிரை கிழிந்த நிலையில் காயத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உடனிருந்த தந்தை அவரை வண்டியில் ஏற்றி விரைந்ததால் உயிர் பிழைத்தார். தோட்டாவின் தரம், கண்ணுக்கும் காதுக்குமான காப்பு, அருகில் ஒரு துணை ஆகியவையும் பாதுகாப்பின் பகுதிகளே என்பதை, பின்னர் அவர் வெளியிட்ட விளக்கக் காணொளி பலருக்கும் உணர்த்தியது.

தளத்தின் கட்டுப்பாடுகள்

துப்பாக்கி விற்பனையை ஊக்குவிக்கும் காணொளிகள் மீதான கட்டுப்பாடுகளை யூடியூப் 2018இல் கடுமையாக்கியது. பாதுகாப்புச் சாதனங்களை அகற்றும் முறையைக் காட்டுவதற்கு 2024 ஜூனில் தடை விதித்தது. வீட்டில் தயாரித்த துப்பாக்கிகள், முழுத் தானியங்கித் துப்பாக்கிகள் ஆகியவற்றைச் சுட்டுக் காட்டும் காணொளிகளை 18 வயதுக்குக் குறைந்தோர் காண முடியாதபடியும் செய்தது. எனினும் இவை எதைக் காட்டலாம் என்பது பற்றிய விதிகளாகும். காட்டுபவர் துப்பாக்கியை எவ்வாறு பிடிக்கிறார் என்பதைப் பார்ப்பவரே கவனிக்க வேண்டும்.

இங்கு படத்தொகுப்பின் இயல்பையும் கருத வேண்டும். அறையைச் சோதித்தல், முனையைத் தாழ்த்தி வைத்தல், பின்னால் எவரும் உள்ளனரா எனப் பார்த்தல் ஆகியவை பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் நொடிகள். ஆதலால் வெட்டப்படுவன அவையே. சுடும் காட்சி மட்டும் எஞ்சுகிறது. முனையை நேராக லென்ஸின் பக்கம் திருப்புவது படத்துக்கு அழகாகத் தோன்றலாம். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் நின்றால் அங்கேயே இரண்டாம் விதி மீறப்படுகிறது.

மாறாக, 2007 முதல் காணொளிகள் வெளியிட்டு வரும் 'ஹிக்கோக்45' அலைவரிசையை நடத்துபவர் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். அவசரமற்ற விளக்கமே அவரது பாணி. அதற்கும் உலகெங்கும் பெருந்திரளான பார்வையாளர்கள் கிடைத்துள்ளனர். நிதானமாகச் செய்து காட்டினால் எவரும் பார்க்கமாட்டார்கள் என்ற வாதம் இதனால் வலுவிழக்கிறது.

இத்தகைய காணொளி ஒன்றைக் காணும் மாணவர் மூன்றைக் கவனித்தால் போதும்: சுடாதபோது விரல் எங்கே உள்ளது, முனை எங்கே திரும்புகிறது, துப்பாக்கி காலி என்பதை அவர் நமக்குக் காட்டினாரா அல்லது சொல்லிவிட்டு நகர்ந்தாரா.