ஒரு டவர், நாலு குடித்தனம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் செல்போன் டவர்களை எண்ணுவது என் பழக்கம். கம்பெனிவாரியாக எண்ணினால் கணக்கு உதைக்கும். ஒரே இரும்புச் சட்டத்தில் மூன்று நான்கு கம்பெனிகளின் ஆன்டெனாக்கள் தொங்கும். கீழே வேலிக்குள் எல்லோருக்கும் ஒரே ஜெனரேட்டர். ஒண்டுக்குடித்தனம்தான்.

வானம் பார்த்த பூமி. ஊருக்கும் ஊருக்கும் நடுவே சீமைக்கருவேலங்காடு. இங்கே தனியாக டவர் போட எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. இரண்டாவதாக ஒருவர் குடிவந்தால் செலவு கொஞ்சம்தான் கூடும். வாடகையோ ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2007இல் மத்திய அரசு, சிக்னல் இல்லாத கிராமங்களில் 7,000க்கும் மேற்பட்ட டவர்களுக்கு மானியம் கொடுத்தபோது போட்ட நிபந்தனையும் இதுதான்: டவருக்கு மூன்று கம்பெனிகள். அதே ஆண்டு ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும், வெளியே அடித்துக்கொண்டே, டவருக்காக மட்டும் கைகோத்து இண்டஸ் டவர்ஸைத் தொடங்கின. 2008இல் ஆன்டெனாவையும் கேபிளையும்கூடப் பங்குபோட அனுமதி வந்தது. அலைக்கற்றைக்கு மட்டும் இல்லை.

நம் கதை ஏர்செல்லில் இருக்கிறது. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி அது. 2010இல் தன் 17,500 டவர்களை ஏறத்தாழ 8,400 கோடி ரூபாய்க்கு ஜிடிஎல் நிறுவனத்துக்கு விற்றது. வீட்டை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருப்பது மாதிரி. கையில் காசு இருக்கும்வரை அது புத்திசாலித்தனம். 2016இல் ஜியோ வந்து விலை சரிந்தபின், மாதாமாதம் கொடுக்க வேண்டிய வாடகை கழுத்தைப் பிடித்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் ஏர்செல் படுத்தது. வாடகைத் தகராறில் டவர்க்காரர்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்றது கம்பெனி. அந்த மாதக் கடைசியிலேயே திவால் மனுவும் போட்டது.

ஒரு எஞ்சினியராக எனக்கு உறுத்துவது வேறு. நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போக, அதே நம்பரிலிருந்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லையென்றால் எப்படி அனுப்புவது? பேங்க், ஆதார், கேஸ் மானியம் எல்லாம் அந்த நம்பரில்தான். பகிர்வுக்கு விதி எழுதியவர்கள் குடித்தனக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில்தான் எழுதினார்கள். போனைக் கையில் வைத்திருப்பவர் அந்த ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

எங்கள் பெரியப்பா புஞ்சையிலும் ஒரு டவர் நிற்கிறது. போன மாசம் போயிருந்தபோது கேட்டேன், "மேல எத்தன கம்பெனி இருக்கு பெரியப்பா?"

கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். "முன்ன நாலு பேரு இருந்தாகப்பா. இப்ப ரெண்டுதான்."