டைப் 5

தங்கச்சி கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. முகம் கொஞ்சம் பளிச்சென்று ஆகட்டும் என்று ஒரு ஸ்கின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் ஒரு படிவம். வெயிலில் நின்றால் உங்கள் தோல் எரிந்து சிவக்குமா, இல்லை கறுக்குமா? "என்னண்ணா கேள்வி இது, கறுக்கத்தானே செய்யும்" என்று சிரித்துக்கொண்டே டிக் அடித்தாள். ரிசப்ஷனில் இருந்த பெண் படிவத்தின் மூலையில் 'டைப் 5' என்று எழுதினார். அரை மணி நேரத்தில் கிளைகாலிக் பீல் முடிந்தது. பத்து நாள் கழித்து இரண்டு கன்ன மேட்டிலும் காபிக்கறை மாதிரித் திட்டு. கல்யாண ஆல்பத்தில் மேக்கப் காப்பாற்றியது. திட்டு மறைய எட்டு மாதம் ஆனது.

அந்த 5 எங்கிருந்து வந்தது என்று தேடப்போனேன். அது முகத்துக்காகப் பிறந்த எண்ணே இல்லை.

1970களின் பாஸ்டன். ஹார்வர்டில் தோல் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக். அவரும் சகாக்களும் சொரியாசிஸுக்கு ஒரு புதுச் சிகிச்சையை 1974-ல் வெளியிட்டார்கள். நோயாளி சோரலென் வகை மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, புற ஊதா விளக்குகள் எரியும் ஒரு பெட்டிக்குள் போய் நிற்கவேண்டும். மாத்திரை தோலை ஒளிக்குக் கூச்சப்பட வைக்கும்; ஒளி, வெறிபிடித்துப் பெருகும் செல்களை அடக்கும். சோரலென் என்ற பெயருக்கு மூலம், சொராலியா என்னும் செடி. அதன் விதைதான் நம்மூர் நாட்டுமருந்துக் கடையில் கார்போகரிசி. குளியல் பொடிக்கு அரைக்கும் சாமான்களில் ஒன்று. அதைப் பூசி வெயிலில் உட்காரவைப்பது வெண்புள்ளிக்கு இங்கே ரொம்பப் பழைய வைத்தியம். என் பாட்டி கடைக்கு எழுதிக்கொடுத்த சீட்டில் இருந்த சாமான் பாஸ்டன் வரை சொந்தம் கொண்டாடுவதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

சிக்கல் அளவில் வந்தது. முதல் நாள் எவ்வளவு ஒளி கொடுப்பது? குறைந்தால் பலன் இல்லை, கூடினால் வெந்துவிடும். முதலில் முடி நிறத்தையும் கண் நிறத்தையும் பார்த்து முடிவு செய்தார்கள். கறுப்பு முடி, பழுப்புக் கண் என்றால் தாங்குவார் என்று கணக்கு. அப்படித் தாங்குவார் என்று நினைத்த சிலருக்குத்தான் அளவு மீறிப்போய்ப் புண்ணானது. வெளித்தோற்றம் ஏமாற்றும் என்பது அங்கே புரிந்தது. 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் ரொம்ப எளிமையான ஒரு வழிக்கு வந்தார்: ஆளையே கேட்டுவிடுவது. கோடையின் முதல் வெயில் பட்டால் உனக்கு என்ன ஆகும்? எப்போதும் எரியும், கறுக்கவே கறுக்காது என்றால் 1. அப்படியே ஏறி, அநேகமாக எரியாது, நன்றாகக் கறுக்கும் என்றால் 4.

அட்டவணை அத்தோடு முடிந்தது. நான்கும் வெள்ளைத் தோல். அவர் முன்னால் இருந்த கேள்விக்கு அது போதுமானதாக இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழுப்புக்கு 5, கறுப்புக்கு 6 என்று பிறகு சேர்த்தார்கள். 1988-ல் அவரே எழுதிய கட்டுரையில் ஆறும் உண்டு.

டேட்டாபேஸோடு மாரடிப்பவர்களுக்கு இந்த இடம் உறுத்தும். முதல் நான்கு வரிசையில் இருப்பது தோல் என்ன செய்கிறது என்ற தகவல். கடைசி இரண்டில் இருப்பது தோல் பார்க்க எப்படி இருக்கிறது என்ற தகவல். ஒரே காலம், இரண்டு வேறு தரவு. எந்தத் தோற்றத்தை நம்பவேண்டாம் என்று ஒதுக்கி இந்த அட்டவணை பிறந்ததோ, அதே தோற்றம் நம்மிடம் வரும்போது மட்டும் திரும்ப உள்ளே வந்துவிட்டது. கோடு எழுதுகிறவர்கள் பாஷையில் 5, 6 இரண்டும் 'எல்ஸ்' கிளை. மேலே எதிலும் பொருந்தாத எல்லாரும் அங்கே. அதில் சில நூறு கோடிப் பேர் இருக்கிறோம், அவ்வளவுதான்.

எண் அங்கிருந்து எங்கெங்கோ போனது. 2015-ல் யூனிகோட் 8.0 இமோஜிக்குத் தோல் நிறம் கொடுத்தபோது இந்த அட்டவணையைத்தான் எடுத்தார்கள். 1, 2 இரண்டையும் ஒன்றாக்கி ஐந்து நிறம். நாம் அனுப்பும் பழுப்புக் கட்டைவிரலின் அதிகாரபூர்வப் பெயரில் ஃபிட்ஸ்பாட்ரிக் இருக்கிறார்.

லேசர்காரர்களுக்கு இந்த எண் ஓரளவு உதவுகிறது. லேசர் ஒளியை மெலனின் குடிக்கும். நிறம் கூடக் கூட மேல்தோல் சுடும். அதனால் முடி நீக்க வருகிற 5, 6 ஆட்களுக்கு 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட்டை விட, மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 என்டி-யாக் பாதுகாப்பானது. பீல் வேறு கதை. அமிலம் தோலுக்குக் கொடுப்பது கணக்குப் பார்த்த ஒரு சிறு காயம். காயம் பட்டால் அழற்சி, அழற்சி வந்தால் நிறமிச் செல்கள் உசுப்பேறி மெலனினைக் கொட்டும். மேல்தோலோடு நின்றால் மாதக்கணக்கில் மங்கும். கீழே இறங்கிவிட்டால் வருஷக்கணக்கு. பழுப்பு, கறுப்புத் தோலுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதை மட்டும் அந்த எண் சொல்லும். ஆனால் ஒரே 5-க்குள் ஒருத்திக்குக் கொசுக்கடி ஒரு வாரத்தில் போகும், இன்னொருத்திக்கு ஒரு வருஷம் நிற்கும். வெயிலைப் பற்றிய கேள்வியால் இவர்களைப் பிரிக்க முடியாது. தவிர, தமிழில் இந்தக் கேள்வியே சரியாக இறங்குவதில்லை. எரிந்து சிவப்பதும் கறுப்பதும் அங்கே எதிரெதிர். இங்கே 'வெயில்ல கறுத்துட்டே' என்று எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

திட்டு வந்த பிறகு வேறொரு டாக்டரிடம் போனோம். வயதானவர். படிவம் எதுவும் கொடுக்கவில்லை. தங்கச்சி கையைத் திருப்பி, மணிக்கட்டுக்கு மேலே இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார்.

"இது எப்போ பட்டதும்மா?"

"குக்கர் சுட்டது டாக்டர். போன பொங்கலுக்கு முன்னாடி."

"பரு வந்தா தடம் எத்தனை நாள் நிக்கும்?"

"மாசக்கணக்கா நிக்கும்."

"பீல் போடுறதுக்கு முன்னாடி இதை யாராவது கேட்டாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். டாக்டர் சன்ஸ்கிரீன் பெயரை எழுதிக்கொண்டே, இனி எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு போட்டு மூன்று வாரம் பார்க்கணும் என்றார்.