புரதமும் உழைப்பும்: தீவக உணவு வரலாற்றின் உயிரிரசாயன அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

1

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, ஆழங்குறைந்த கடலிற் பரந்து கிடக்கும் தீவுகள் பற்றிய வரலாற்றெழுத்துகள் பெரும்பாலும் துறைமுகங்கள், கோட்டைகள், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றையே மையமாகக் கொண்டவை. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வந்த பிறநாட்டு வணிகரின் பாதுகாப்பையும், யானைகளும் குதிரைகளும் ஏற்றிவந்து உடைந்த மரக்கலங்களில் அரசுக்குரிய பங்கையும் பேசுகின்றது. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. ஊர்காவற்றுறை அமைந்துள்ள தீவு லைடன் ஆயிற்று. இவையாவும் வணிகத்தினதும் ஆட்சியினதும் தடயங்கள். இத்தீவுகளின் மக்கள் எவற்றை உண்டு உயிர்வாழ்ந்தனர், எத்தகைய அறிவைக் கொண்டு அவ்வுணவை ஆக்கிக் காத்தனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது.

அமினோ அமிலம், புரதம், இரசாயனப் பிணைப்பு என்னும் அடிப்படைக் கருத்துகளின் துணையுடன் அவ்வினாவை இக்கட்டுரையில் அணுக முற்படுகின்றோம். இரசாயனம் தமிழில் நூலாக வருவதற்கு முன்னரே தீவக உழைப்பாளர் அதன் விளைவுகளைக் கையாளும் செய்முறையறிவைப் பெற்றிருந்தனர். நூல்கள் வந்த பின்னரும் அவ்வறிவும் நூலறிவும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இதற்கான காரணத்தை மொழியில் மட்டும் தேடுவது போதாது என்பதே எமது கருத்தாகும்.

2

புரதம் என்னும் கருத்தே ஒரு வரலாற்று விளைபொருள். 1838இல் ஒல்லாந்து இரசாயனவியலாளர் முல்டர் முட்டை வெண்கரு, இரத்தம் முதலியவற்றிலுள்ள நைதரசன் கொண்ட பொருள்களைப் பகுத்தாராய்ந்தார். சுவீடன் நாட்டவரான பேர்சீலியஸ், 'முதன்மையானது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பொருள்களுக்குப் பெயரிட்டார். நாற்பதாண்டுகளின் பின்னர், 1878இல் நூல்வடிவம் பெற்ற 'டூரிங்குக்கு மறுப்பு' என்னும் நூலில், ஏங்கெல்ஸ் உயிரைப் புரதப் பொருள்களின் இருப்புமுறையாக வரையறுத்து, சூழலுடன் இடையறாது நிகழும் பொருட்பரிமாற்றத்தை அதன் சாரமாகக் கொண்டார். அவ்வரையறை முழுமையற்றது என்பதை அவரே அங்கு ஒப்புக்கொண்டார். நியூக்கிளிக் அமிலங்களின் பங்கு அறியப்பட்டுவிட்ட இன்று அதன் குறைபாடு மேலும் தெளிவாகும். எனினும், உயிரை மாறாத சாரமாகக் கொள்ளாது ஓர் இயக்கமாகக் கண்ட அவரது நோக்கு நிலைபேறுடையது. மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் தொகுதியில் (1867), உழைப்பை மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான அனுசேபத்தை நெறிப்படுத்தும் செயலாக விளக்கியமையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

புரதத்தின் அமைப்புப் பற்றிய தெளிவு 1902இல் எமில் பிஷர், ஹொவ்மைஸ்ரர் ஆகிய இருவரின் கருத்துகளால் ஏற்பட்டது. அமினோ அமிலத்தின் நடுக் காபன் அணு நான்கு பிணைப்புகளை உடையது. அவற்றில் ஒன்று அமைன் கூட்டத்துடனும், ஒன்று காபொட்சிலிக் கூட்டத்துடனும், ஒன்று ஐதரசனுடனும், எஞ்சியது பக்கச்சங்கிலியுடனும் அமைகின்றது. புரதங்களை ஆக்கும் இருபது பொது அமினோ அமிலங்கள் தம்முள் வேறுபடுவது இப்பக்கச்சங்கிலியாலேயே. ஓர் அமிலத்தின் காபொட்சிலிக் கூட்டம் மற்றொன்றின் அமைன் கூட்டத்துடன் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகின்றது. எஞ்சுவது பெப்தைட்டுப் பிணைப்பு. இது இலத்திரன்களைப் பங்கிட்டு அமையும் உறுதியான பங்கீட்டு வலுப் பிணைப்பாகும். இவ்வாறு நீளும் சங்கிலி, மென்மையான ஐதரசன் பிணைப்புகளாலும், ஏற்றங்களின் கவர்ச்சியாலும், சிலவிடத்துக் கந்தக அணுக்களிடையே தோன்றும் இருசல்பைட்டுப் பிணைப்புகளாலும் மடிந்து தனக்குரிய வடிவத்தைப் பெறுகின்றது. 1950களில் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் ஒழுங்கை முற்றாக நிறுவியபோது, ஒவ்வொரு புரதத்துக்கும் திட்டமான வரிசை உண்டென்பது ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று.

இங்கு இரு செய்திகள் மனங்கொளத்தக்கவை. பெப்தைட்டுப் பிணைப்பு அமைகையில் நீர் வெளியேறுகின்றது. அது நீர்ப்பகுப்பால் உடைகையில் நீர் செலவாகின்றது. இது முதலாவது. வெப்பம், அமிலம், காரம் ஆகியன முதலில் மென்மையான பிணைப்புகளையே குலைக்கின்றன. சங்கிலி அறுபடாமலே வடிவம் அழிந்துவிடும். இது இரண்டாவது. தீவக உணவுமுறையின் பெரும்பகுதி இவ்விரண்டையும் சார்ந்தே அமைந்துள்ளது.

3

முதலிற் கருவாட்டை நோக்குவோம். பச்சை மீனின் தசையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர்; புரதம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. மீன் இறந்ததும் அதன் சொந்த நொதியங்களும் பற்றீரியாக்களும் புரதச் சங்கிலிகளை உடைக்கத் தொடங்குகின்றன. உப்பு தசையிலிருந்து நீரை ஈர்க்கின்றது. வெயிலும் காற்றும் எஞ்சிய நீரைக் குறைக்கின்றன. நீரின்றி நுண்ணுயிர்கள் பெருகா, நீர்ப்பகுப்பும் தடைப்படும். கடலில் ஒருநாட் கிடைத்ததைப் பல மாதங்களுக்கும், கரையிலிருந்து தொலைவிலுள்ள சந்தைகளுக்கும் உரியதாக்கும் தொழில்நுட்பம் இது. எந்த மீனைக் கீறுவது, எதனை முழுதாக உலர்த்துவது, எவ்வளவு உப்பிடுவது, எப்போது புரட்டுவது என்னும் முடிவுகள் கரையோர ஆண்களதும் பெண்களதும் கைகளில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவின் வெளிப்பாடுகள்.

அடுத்தது கருப்பநீர். பனஞ்சாறு நொதித்தற் கள்ளாகாது தடுப்பதற்கு முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசப்படுகின்றது. நொதித்தலை நிகழ்த்தும் நொதியங்களை உயிருள்ள மதுவக் கலத்திலிருந்து பிரித்தும் செயற்படுத்தலாம் என்பதை 1897இல் புக்னர் காட்டினார். ஒருவகை அவரை விதையிலிருந்து நொதியமொன்றைப் பளிங்காகப் பிரித்தெடுத்து, அது புரதமே என 1926இல் சம்னர் நிறுவினார். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களின் வளர்ச்சியை ஒடுக்குவதோடு, நொதியப் புரதங்களின் பக்கச்சங்கிலிகளிலுள்ள ஏற்றங்களை மாற்றி அவற்றின் தொழிலையும் குலைக்கின்றது. மரமேறிய தொழிலாளி இவ்விளக்கத்தை அறிந்திருக்கவில்லை. ஆயினும் அளவு தவறிய சுண்ணாம்பு பனங்கட்டியைக் கெடுக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூன்றாவது ஒடியற்கூழ். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்திப் பெறும் ஒடியல் மாப்பொருள் மிக்கது, புரதம் குறைந்தது. மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை ஆகியன சேரும்போதே கூழ் நிறைவான உணவாகின்றது. மனித உடல் தானாக ஆக்கவியலாது உணவிலிருந்தே பெறவேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது என இன்று கொள்ளப்படுகின்றது. 1935இல் திரியோனினைக் கண்டறிந்த வில்லியம் றோஸின் ஆய்வுகள் இத்துறைக்கு அடித்தளமிட்டன. தானியங்களில் லைசின் குறைவு. பருப்பினங்களில் மெதியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துண்ணின் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். மீனில் ஒன்பதும் உண்டு. ஆகவே வறிய குடும்பத்தின் கூழ்ப்பானையில் விழுந்த சிறிதளவு மீனும் அதன் அளவுக்கு மிஞ்சிய பயனைத் தந்தது.

எனினும் மரபறிவை வழிபாட்டுப் பொருளாக்குதல் தகாது. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து அந்நீரை வடித்தகற்றும் வழக்கம் கசப்பைப் போக்கியது. ஆனால் பனங்கிழங்கு மாவினால் எலிகளின் ஈரலுக்கு நேரும் பாதிப்பை வெளிப்படுத்தியது 1970களில் நடைபெற்ற ஆய்வுகூடச் சோதனையே. செய்முறையறிவு விஞ்ஞானத்தின் தொடக்கம். அதற்கு மாற்றீடு அன்று.

4

இனி, நூலறிவு தமிழுக்கு வந்த வழியை நோக்குவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிற் புகட்டி, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமது மாணவரின் துணையுடன் தமிழாக்கினார். 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. தமிழில் நவீன விஞ்ஞானம் கூடுமா என்னும் ஐயத்திற்கு அக்காலத்திலேயே கிடைத்த செயல்முறை விடை அது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் காபன், ஒட்சிசன், நைதரசன் என்னும் வடிவங்களைப் பாடசாலைகளில் நிலைபெறச் செய்தன. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டு, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் தலைவரானார். ஆக, ஒரு நூற்றாண்டுக் காலத்தில் மொழித் தடை பெருமளவு நீங்கியது எனலாம்.

ஆயின் நூலறிவு கரையை அடையாதது ஏன்? மீன்பிடித்தோர், மரமேறியோர், கூலிக்கு உழைத்தோர் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை வாங்கில் இடம் மறுக்கப்பட்ட சமூகம் இது. 1920களின் இறுதியிலும் 1930களிலும் சமஆசனமும் சமபோசனமும் யாழ்ப்பாணத்திற் கொந்தளிப்பை ஏற்படுத்தின என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் செய்யும் தொழிலை அன்றாடம் கண்டவர் வகுப்பறையில் தரையிலிருந்தார், அல்லது வெளியே நின்றார். வாங்கில் அமர்ந்தவர் புரதத்திற்கு உதாரணமாக முட்டை வெண்கருவை மனனஞ்செய்தார். தம் வீட்டுக்குக் கருவாடு கொண்டுவந்தவரிடம் எதனையும் கேட்டறிய வேண்டுமென அவருக்குத் தோன்றவில்லை. சாதி அமைப்பு உழைப்பைப் பிரித்ததோடு நில்லாது அறிவையும் பிரித்தது. தேநீர்க்கடைகளிலும் கோவில்களிலும் 1960களின் பிற்பகுதியில் நடந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்கள், இவ்வகையில், அறிவு வரலாற்றிற்கும் உரியன.

5

நயினாதீவு, மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவமே என அறிஞர் சிலர் கொள்வர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அங்குள்ள கோமுகிப் பொய்கையிலிருந்தே மணிமேகலைக்குக் கிடைக்கின்றது. பசி தீராத மக்களின் கனவு அப்பாத்திரத்தில் உருப்பெற்றுள்ளது என்பது வெளிப்படை. ஆனால் அதனை முன்னர் வைத்திருந்த ஆபுத்திரனின் முடிவு அத்துணைக் கவனம் பெறவில்லை. வேள்விப் பசுவை விடுவித்தமைக்காக அந்தணரால் விலக்கப்பட்ட அவன், மக்களில்லாத அத்தீவிற் தனித்து விடப்பட்டபோது, ஊட்டுவதற்கு எவருமின்மையாற் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர்துறக்கின்றான். உணவு ஒரு சமூக உறவு என்பதை இதனினும் கூர்மையாகக் கூறிய பழந்தமிழ்க் கதை வேறுண்டோ என நாம் ஐயுறுகின்றோம்.

அவ்வுறவு இன்று புதிய நெருக்கடியில் உள்ளது. 1990இல் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வு தீவகத்தின் ஊர்களை வெறுமையாக்கியது. போர்க்காலக் கட்டுப்பாடுகள் கடற்றொழிலை முடக்கின. போர் முடிந்த பின்னர், தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரிச் செல்வது நெடுந்தீவு முதலிய இடங்களின் சிறுதொழிலாளரைப் பாதிக்கின்றது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தபோதும் பிரச்சினை தீரவில்லை. இரு கரையிலும் பேசப்படுவது ஒரே மொழி. ஆயினும் படகுடைமையாளரின் மூலதனத்திற்கும் சிறுவலைஞரின் பிழைப்புக்கும் இடையிலுள்ள முரண்பாட்டை மொழி ஒருமை மறைத்துவிடாது. இழுவைமடிப் படகிற் கூலிக்கு வருபவரும் உழைப்பாளரே என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, தாய்மொழியில் விஞ்ஞானம் என்னும் கோரிக்கை கலைச்சொல்லாக்கத்துடன் நிறைவுறுவதன்று. உயிரிரசாயனத்தின் முதற்பாடம் கருவாட்டு வாடியிலிருந்தும், சுண்ணாம்பு பூசிய முட்டியிலிருந்தும், கூழ்ப்பானையிலிருந்தும் தொடங்கக்கூடியது. அவ்வாறு தொடங்குமாயின், பாடநூல் எழுதுவோர் அத்தொழில்களைச் செய்வோரிடம் கேட்டறிய வேண்டியவராவர். அத்தொழில்களைச் செய்வோரின் பிள்ளைகளும் தம் வீட்டறிவைப் பாடநூலிற் காண்பர். தீவகத்தின் ஊர்தோறும் இவ்வறிவைத் தொகுக்கும் பணியை இரசாயனவியலாளரும் வரலாற்றாய்வாளரும் கூடி மேற்கொள்ளல் வேண்டும். அத்தொழில்களை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் இன்றியமையாதது.