கட்டமும் எழுத்தும்: கணிப்பொறி முனையத்தில் தமிழ் வரிவடிவம்

மொழி வரலாறு எழுதப் புகுவார் ஒலியையும் சொல்லையும் பொருளையும் ஆராயுமளவிற்கு எழுத்தைத் தாங்கிய கருவிகளை ஆராய்வதில்லை. ஓலையும் அச்சும் தமிழ் வரிவடிவத்தை எவ்வாறு திருத்தின என்பதேனும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. தட்டச்சுப்பொறியும் கணிப்பொறி முனையமும் செய்த மாற்றம் அத்துணை ஆராயப்பட்டிலது. நிரல் எழுதுவார் தமக்கேற்ற முனையச் செயலியையும் எழுத்துருவையும் தேர்ந்துகொள்வது, தச்சன் உளி தேர்வதுபோலத் தனிவிருப்பம் எனக் கருதப்படுகிறது. தமிழில் எழுதுவார்க்கோ அஃது எழுத்திலக்கணம் பற்றியதொரு வினா ஆகும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலையும் அச்சும்

ஓலையில் எழுதினோர் பெரும்பாலும் புள்ளி இட்டிலர். எழுத்தாணியின் குத்து ஓலையைக் கிழிக்கும் என்பர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடாது நின்றன. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் எழுதப்பட்டன. இவற்றையெல்லாம் படிப்போர் சூழல் நோக்கியே பிரித்துணர்ந்தனர். வீரமாமுனிவர் (1680–1747) நெடில் குறில் வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கினார். அச்சு அத்தெளிவை நிலைபெறச் செய்தது.

அச்சின் வரலாற்றில் புதுச்சேரிக்குத் தனியிடம் உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றியபொழுது இங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுசென்றனர். அது வேப்பேரியில் பப்ரிசியசு பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து மூசே, துப்புயி ஆகிய இருவரும் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி இவ்வூரிலேயே 1855-இலும் 1862-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரே வரியில் தமிழெழுத்தும் உரோமன் எழுத்தும் அடுத்தடுத்து நிற்கவேண்டிய நூல் அது. ஈய அச்செழுத்திற்கு உயரம் ஒன்றே. அகலமோ எழுத்துக்கு எழுத்து வேறு. ணகரத்திற்கு அகன்ற அச்சும் ரகரத்திற்கு ஒடுங்கிய அச்சும் அமைந்தன. எஞ்சிய இடத்தை வெற்றச்சுகளால் அச்சுக்கோப்பவர் நிரப்பினார். கருவி எழுத்திற்கு இடங்கொடுத்தது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

கட்டத்தின் வருகை

தட்டச்சுப்பொறி இம்முறையை மாற்றிற்று. எவ்விசையை அழுத்தினும் உருளை ஒரே அளவு நகரும். ஆங்கிலத்தில் அங்குலத்திற்குப் பத்து அல்லது பன்னிரண்டு எழுத்து என்பது அதனால் வந்த கணக்கு. யாழ்ப்பாணத்தவராகிய ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வகுத்தபொழுது இத்தடையை எதிர்கொண்டார். புள்ளி முதலிய மேற்குறிகளுக்கு உருளையை நகர்த்தாத இசைகளை அமைத்தே தமிழைப் பொறிக்குள் கொணர முடிந்தது. ‘நகராத குறி’ என்னும் கருத்து இங்குத் தோன்றிப் பின்னர்க் கணிப்பொறியிலும் நிலைத்தது.

1928-இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 பத்திகள் கொண்ட துளையட்டையைக் கொணர்ந்தது. 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட வி.டி. 100 என்னும் முனையம் ஒரு வரிக்கு 80 கட்டமாக 24 வரிகளைக் காட்டிற்று. ஒரு கட்டத்திற்கு ஓரெழுத்து. எழுத்து எதுவாயினும் கட்டம் ஒன்றே. அப்பொறிகள் மறைந்துவிட்டன. ஆயினும் அவற்றைப்போல் நடிக்கும் செயலிகள் இன்றும் வழக்கில் உள்ளன. 1984-இல் தோன்றிய எக்ஸ்டெர்ம் அவற்றுள் மூத்தவற்றுள் ஒன்று. மறைந்த பொறியின் கட்டக்கணக்கு செயலிகளின் வழியே நம் காலம் வரை வந்துள்ளது.

ஐந்தெழுத்தும் ஒன்பது கட்டமும்

இக்கணக்கு தமிழிற்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதற்கு நம் ஊர்ப்பெயரையே சான்றாகக் கொள்வோம். ‘புதுச்சேரி’ என்பது பு, து, ச், சே, ரி என ஐந்தெழுத்துச் சொல். ஒற்று நீக்கி எண்ணும் யாப்பு மரபின்படி நான்கெழுத்து. ஒருங்குறியிலோ மெய்யுருவும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியெண் பெறுதலின் இது பத்துக் குறியெண்களாக விரிகிறது.

முனையத்தில் எத்தனை கட்டம்? மார்க்கசு கூன் என்பார் எழுதிப் பரப்பியதும் பல செயலிகள் பின்பற்றியதுமான அகலக் கணிப்பு விதி இதற்கு விடை தருகிறது. ‘இடங்கொள்ளாத குறி’ என ஒருங்குறி வகைப்படுத்தியவற்றிற்குக் கட்டம் இல்லை. ஏனைய குறிகளுக்கு ஒரு கட்டம் உண்டு. தமிழில் புள்ளி இடங்கொள்ளாத வகையிற் சேர்ந்தது. உகர, ஏகார, இகரக் குறிகள் இடங்கொள்ளும் வகையின. ஆகவே ‘புதுச்சேரி’ ஒன்பது கட்டம் பெறுகிறது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. இகரக்குறி இடங்கொள்ளும் வகையிலும், ஈகாரக்குறி இடங்கொள்ளா வகையிலும் வைக்கப்பட்டுள்ளன. எனவே இவ்விதிப்படி ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். குறிலுக்கு இரண்டும் நெடிலுக்கு ஒன்றும் என்பது மாத்திரைக் கணக்கைத் தலைகீழாக்கியது போன்றதாம்.

இதன் விளைவு அழகுக்குறை மட்டும் அன்று. உகரம் ஏறிய ‘கு’ ஒரே உருவாக இருப்பினும் இரு கட்டம் ஒதுக்கப்படுதலின் பின்னே வெற்றிடம் தோன்றும். எழுத்துக்களை இணைத்து வரையும் ஆற்றல் இல்லாத செயலியில் ‘சே’ என்பதன் இரட்டைக்கொம்பு சகரத்தின் முன்னே நில்லாது பின்னே நிற்கும். அட்டவணைகள் நேர்கோட்டில் நில்லா. சுட்டி ஓரிடத்தில் நிற்பதாகத் தோன்ற, திருத்தம் வேறோர் எழுத்தில் நிகழும். சுவடிப் பட்டியலோ சொல்லடைவோ தொகுப்பார்க்கு இது பெருந்தீங்கு. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இத்தகைய செல்வத்தின் பட்டியலில் ஓரெழுத்துப் பிழையும் ஒரு நூலைத் தேடுவார் கண்ணுக்கு மறைத்துவிடும்.

ஒத்த உருவும் வேறு குறியும்

நிரல் எழுதுவோர்க்கென அமைந்த ஆங்கில எழுத்துருக்களில் சுழியத்தையும் ஓ என்னும் எழுத்தையும், ஒன்று என்னும் எண்ணையும் எல் என்னும் எழுத்தையும் வேறுபடுத்திக் காட்டுதல் முதற்பண்பாகப் போற்றப்படுகிறது. தமிழில் இத்தகைய மயக்கம் மிகுதி. தமிழெண்களுள் ௧, ௨, ௭, ௮ ஆகியன முறையே க, உ, எ, அ என்பவற்றின் உருவையே உடையன. ஒருங்குறியிலோ அவை வேறு. ஔகாரக் குறியின் பின்னுறுப்பும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றே. ‘கௌரி’ என்பது ஈரெழுத்துச் சொல். ளகரம் இட்டு ‘கெளரி’ என எழுதின் மூன்றெழுத்தாகும்.

மனிதர் இவற்றைச் சூழலால் உணர்வர், ஓலை படித்தோர் உணர்ந்ததுபோல. நிரலைப் படிக்கும் பொறிக்குச் சூழல் இல்லை. பைத்தான் மொழி 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ முழுவதும் தமிழ்ச் சொற்களால் அமைந்த நிரல்மொழி. இவற்றில் ‘வகுப்பு௧’ என ஓரிடத்தும் ‘வகுப்புக’ என மற்றோரிடத்தும் எழுதினால் இரண்டும் இருவேறு பெயர்களாகும். காண்போர் கண்ணுக்கு அவை ஒன்றே. வீரமாமுனிவர் ஓலையில் நீக்க முயன்ற மயக்கம் திரையில் மீண்டும் புகுந்துள்ளது எனலாம்.

தேர்வுக்குரிய நெறி

மேற்கூறியவற்றால் தமிழ் நிரலாளர்க்குரிய தேர்வு நெறிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, முனையச் செயலி குறியெண்ணை அல்லாது எழுத்தை அலகாகக் கொள்ளல் வேண்டும். எம்எல்டெர்ம் பன்மொழி எழுத்துக்களையே நோக்கமாகக் கொண்டு எழுந்தது. கான்சோல் எழுத்துக்களை இணைத்து வரையும் ஆற்றலுடையது. காண்டூர், கோஸ்ட்டி ஆகியன எழுத்துத் தொகுதியை ஓரலகாகக் கொள்ளும் முறையை ஏற்றன. ‘புதுச்சேரி’, ‘கி’, ‘கீ’, ‘கொ’ ஆகியவற்றைத் தட்டிப் பார்த்தலே போதிய தேர்வாகும்.

இரண்டாவது, செயலியும் அதனுள் இயங்கும் தொகுப்பானும் ஒரே கணக்கைப் பின்பற்றல் வேண்டும். ஒன்று ஒன்பது எனவும் மற்றொன்று ஐந்து எனவும் எண்ணின், சுட்டி பிறழ்தல் ஒருதலை.

மூன்றாவது, தேசாவு சான்சு மோனோ போன்ற ஓரகல எழுத்துருக்களில் தமிழ் இல்லை. இல்லாதவிடத்து இயங்குதளம் தானே வேறோர் எழுத்துருவைக் கொணரும். அதனை அதன் போக்கில் விடாது, நோட்டோ சான்சு தமிழ், லோகித் தமிழ் போன்ற ஒன்றைத் துணையெழுத்துருவாகக் குறித்துவிடுதல் நன்று. அவை ஓரகலத்தன அல்ல எனினும் எழுத்தைச் சிதைப்பதில்லை. ணகரத்தையும் ரகரத்தையும் ஒரே அளவில் நெருக்குதலினும் இது மேல்.

நான்காவது, தமிழெண்ணையும் எழுத்தையும், ஔகார உறுப்பையும் ளகரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் ஓர் எழுத்துரு நிரல் எழுதுவார்க்கென வரையப்படல் வேண்டும். இஃது எழுத்துரு வரைவோரும் தமிழ்த்துறையினரும் கூடிச் செய்யற்பாலது. எவ்வுறுப்பை எவ்வளவு வேறுபடுத்தினால் எழுத்தின் இயல்பு கெடாது என்பது வரிவடிவ வரலாறு அறிந்தார் கூறவேண்டிய விடை.

கட்டளைக் கலித்துறை பாடினோர் ஓரடிக்கு ஒற்று நீக்கிப் பதினாறெழுத்தோ பதினேழெழுத்தோ என வரையறுத்துப் பாடினர். உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணும் அறிவு தமிழ் மாணவர்க்குத் தொடக்கப்பள்ளியிலேயே வாய்க்கிறது. அவ்வறிவைப் பொறிக்குக் கற்பித்தல் புதுமை புகுத்துதல் ஆகாது. எழுத்து இன்னது என நம் இலக்கணம் வகுத்ததைப் பொறியும் ஏற்கச் செய்தலே ஆகும்.