ராஜா நல்லவருதான், சுத்தி இருக்கறவங்கதான் சரியில்ல

பள்ளிக்கூடத்துல நாம படிச்ச அமெரிக்க விடுதலை வரலாறு ரொம்பச் சின்னது. ஒரு பத்தியில பாஸ்டன் துறைமுகத்துல தேயிலையக் கடல்ல கொட்டுவாங்க. அடுத்த பத்தியில சுதந்திரப் பிரகடனம். முடிஞ்சுது, அஞ்சு மார்க்.

ஆனா தேயிலையக் கொட்டினது 1773 டிசம்பர் 16. பிரகடனம் 1776 ஜூலை 4. நடுவுல ரெண்டரை வருஷம். அதுல பெரும்பகுதி நாள் அவங்க, நாங்க ராஜாவோட விசுவாசமான குடிமக்கள்னுதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. அப்போ எதிர்ப்பு எந்த இடத்துல பிரிவா மாறுச்சு? ரொம்ப நாளா என்னைக் குடைஞ்ச கேள்வி இது.

கொசுவத்தியக் கொஞ்சம் பின்னாடி சுத்துவோம். 1763ல ஏழாண்டுப் போர் முடிஞ்சுது. பிரான்சை ஜெயிச்ச பிரிட்டனுக்குக் கழுத்து வரைக்கும் கடன். அமெரிக்காவுல நிறுத்தி வெச்ச படைக்கு அங்க இருக்கறவனே செலவு பண்ணட்டும்னு 1765ல முத்திரை வரி போட்டாங்க. பத்திரிகை, பத்திரம், உயில், ஏன் சீட்டுக்கட்டுக்குக் கூட வரி. 'எங்க ஆள் ஒருத்தர் கூட இல்லாத நாடாளுமன்றம் எங்களுக்கு எப்படி வரி போடலாம்?'னு காலனிக்காரங்க கொதிச்சாங்க. 9 காலனிகள் நியூயார்க்ல கூடித் தீர்மானம் போட்டுது. பிரிட்டிஷ் சரக்கை வாங்க மாட்டோம்னு வியாபாரிங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. 1766ல வரி வாபஸ். ஆனா அன்னிக்கே இன்னொரு சட்டம்: எந்த விஷயத்துலயும் உங்களுக்குச் சட்டம் போட எங்களுக்கு முழு அதிகாரம் உண்டு.

மறுவருஷமே வேதாளம் முருங்கை மரம் ஏறிடுச்சு. கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், தேயிலை எல்லாத்துக்கும் வரி. மறுபடி எதிர்ப்பு, 1770ல மறுபடி வாபஸ். தேயிலை வரிய மட்டும் விட்டு வெச்சாங்க. எங்களுக்கு உரிமை இருக்குன்னு காட்ட ஒரு அடையாளம் வேணுமே!

1773 தேயிலைச் சட்டத்தால தேயிலை விலை குறைஞ்சுதுங்கறதுதான் இதுல தமாஷ். நம்ம ஊர்க் கோட்டையில உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகுற நிலைமையில இருந்துது. அதைக் காப்பாத்த, குடோன்ல தேங்கிக் கிடந்த சீனத் தேயிலைய நேரா அமெரிக்காவுல விக்க அனுமதி கொடுத்தாங்க. மலிவா வாங்கினா, வரி போடுற உரிமைய ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். அதனாலதான் 342 பெட்டியும் கடலுக்குப் போச்சு. இந்தக் கம்பெனி 1770 பஞ்சத்துல வங்காளத்தை என்ன பண்ணுச்சுன்னு அமெரிக்கத் துண்டுப் பிரசுரங்கள்ல எழுதி, நாளைக்கு நமக்கும் இதே கதிதான்னு எச்சரிச்சிருக்காங்க. பதிலுக்கு லண்டன் 1774ல பாஸ்டன் துறைமுகத்தையே மூடிடுச்சு.

இப்போ நான் சொல்ல வந்த ஆளு. ஜான் டிக்கின்சன், பென்சில்வேனியா வக்கீல். 1765 தீர்மானங்கள எழுதினதுல பெரும்பங்கு இவருக்கு. 1774ல ராஜாவுக்கு அனுப்பின மனுவை முடிச்சுக் கொடுத்தவரும் இவர்தான். 1775 ஏப்ரல் 19 அன்னிக்கு லெக்சிங்டன்ல துப்பாக்கி வெடிச்சு, ஜூன்ல பங்கர் ஹில்ல நூத்துக்கணக்குல செத்த பிறகும், ஜூலைல 'ஆலிவ் கிளை மனு'ன்னு மூணாவது தடவையா எழுதுறார். தப்பெல்லாம் மந்திரிங்க மேலதான், ராஜா தலையிட்டா சரியாயிடும்னு.

ஆபீஸ்ல பார்த்திருப்பீங்களே, டேமேஜர்தான் மோசம், மேல இருக்கறவருக்கு விஷயம் போனா சரி பண்ணிடுவார்னு மெயில் மேல மெயில் அனுப்புவோம். அந்த நம்பிக்கை இருக்கற வரைக்கும் யாரும் பேப்பர் போடறதில்ல :-)

மூன்றாம் ஜார்ஜ் மனுவை வாங்கவே மறுத்துட்டார். ஆகஸ்ட் 23ல அவங்க கலகக்காரங்கன்னு அறிவிச்சார். அடக்க ஜெர்மன் கூலிப்படைய அனுப்பினார். 1776 ஜனவரியில தாமஸ் பெய்ன் 'காமன் சென்ஸ்' வந்துது. பெய்ன் அமெரிக்கா வந்தே ஒன்றரை வருஷம் ஆகல. ராஜா நல்லவரா கெட்டவராங்கறது பிரச்சினையே இல்ல, ராஜான்னு ஒருத்தர் எதுக்குன்னு சாதாரண ஜனங்க மொழியில கேட்டார்.

என் கேள்விக்கு விடை பிரகடனத்துலயே இருக்கு. சண்டை பத்து வருஷமா நாடாளுமன்றத்தோட. ஆனா பிரகடனத்துல பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பேர் சொல்லிக் குறிப்பிடப்படவே இல்ல. அடுக்கின 27 புகாரும் ராஜா மேல. நாடாளுமன்றம் எங்களுக்கு யாருமே இல்லன்னு அவங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. மிச்சம் இருந்த ஒரே கயிறு ராஜா. அதை அறுக்கத்தான் அந்தக் காகிதம்.

ஜூலை 2 ஓட்டெடுப்புல 12 காலனிகள் ஆதரவு, நியூயார்க் மட்டும் ஓட்டுப் போடல. டிக்கின்சன் முந்தின நாள் எதிர்த்துப் பேசினார், இன்னும் நேரம் வரலன்னு. ஓட்டு அன்னிக்கு சபைக்கே வரல. அவரும் ராபர்ட் மோரிசும் ஒதுங்கினதாலதான் பென்சில்வேனியா 3-2ன்னு ஆதரவுப் பக்கம் சாய்ஞ்சுது. பிரகடனத்துல அவர் கையெழுத்தும் இல்ல. ஆனா கொஞ்ச நாள்லயே பிரிட்டிஷ் படைய எதிர்க்கத் தன் மிலிஷியாவோட கிளம்பிட்டார். மனசு ஒத்துக்கலேன்னாலும் ஊரை விட்டுக் கொடுக்கல.

இன்னொரு உறுத்தல். எல்லாரும் சமம்னு எழுதின ஜெஃபர்சன் வீட்டுல நூத்துக்கும் மேல அடிமைங்க. அடிமை வியாபாரத்தைக் கண்டிச்சு அவர் எழுதின பகுதியையும் சபை வெட்டிடுச்சு. கையெழுத்தே போடாத டிக்கின்சன், 1777ல தன் அடிமைகளை விடுவிக்க ஆரம்பிச்சு 1786க்குள்ள முழுசா விடுவிச்சுட்டார்.

வரலாற்றுல சீக்கிரம் முடிவெடுத்தவங்களுக்குத்தான் சிலை. எனக்கென்னவோ, கடைசி வரைக்கும் மனு எழுதிக்கிட்டு இருந்த ஆளையும் தெரிஞ்சுக்கிட்டாதான் அந்த ரெண்டரை வருஷம் புரியுதுன்னு தோணுது. உங்களுக்கு?