சைவப்பிரகாச வித்தியாசாலையும் உதவிநன்கொடையும்

பள்ளி நடாத்துவார்க்கு இன்றியமையாதன மூன்று: கற்பிக்க வல்ல ஆசிரியர், கற்க விழையும் மாணாக்கர், இவ்விரண்டனையும் ஓரிடத்து நிலைபெறச் செய்யும் பொருள். முன்னிரண்டும் உளவாயினும் பின்னது இன்றேல் பள்ளி நில்லாது. அப்பொருளை யாரிடத்து, எவ்வாற்றாற் பெறுதல் தகும் என்னும் வினாவுக்கு யாழ்ப்பாணத்து வரலாறு ஒன்று விடை பகர்கின்றது.

இலங்கையிற் கல்வியை மேற்பார்க்கும்பொருட்டு ஆங்கில இராசாங்கத்தார் 1834-இல் ஒரு குழுவையும், அதன் பின்னர் 1841-இல் மத்திய பாடசாலைக் குழுவையும் நிறுவினர். அக்குழுக்களிற் பாதிரிமார் செல்வாக்கே மேம்பட்டிருந்தமையின், உதவிநன்கொடை பெரும்பாலும் அவர்தம் பாடசாலைகளையே சென்றடைந்தது. சைவ மக்கள் செலுத்திய வரிப்பணமும் அதனுள் அடங்கும் என்பதை நினைவிற் கொள்க.

பேர்சிவல் பாதிரியாரின் ஆங்கில பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயும் அமர்ந்திருந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். அதன்பின் அவ்வுத்தியோகத்தையும் அதன் வேதனத்தையும் துறந்தார்கள். நன்கொடை கிடைத்த பின்னர்த் தொடங்குவோம் என்று அவர்கள் காத்திருந்தார்களல்லர். அன்பர்களது பொருளுதவியைத் துணையாகக் கொண்டு தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கேற்ற நூல்கள் இல்லாமை கண்டு, பாலபாடங்களைத் தாமே எழுதித் தமது அச்சியந்திரசாலையிற் பதிப்பித்தார்கள். இராசாங்க உதவியோ நெடுங்காலம் வாய்த்திலது.

1865-இல் அமைந்த மோர்கன் குழு 1867-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன்வழி 1869-இற் பழைய குழு நீங்க, வித்தியா பகுதி தோன்றிற்று. பள்ளி எச்சமயத்தாரது என்று நோக்காது, உலகியற் பாடங்களின் தேர்ச்சியை நோக்கிப் பணம் வழங்கும் விதியும் வந்தது. 1870-இல், தாபித்து இருபத்திரண்டாண்டு கழிந்த பின்னர், வண்ணார்பண்ணை வித்தியாசாலை உதவிநன்கொடை பெற்றது. மாணாக்கரும் ஆசிரியரும் நூல்களும் முன்னரே அமைந்திருந்தமையின், விதி மாறியபோது காட்டுதற்குரியது அங்கே இருந்தது.

எனினும் அந்நன்கொடை கட்டுப்பாடு இல்லாததன்று. பெறுபேற்றுக்குப் பணம் என்னும் அம்முறை இங்கிலாந்தில் 1862-இற் பிறந்தது. ஆங்கு ஒரு பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் தேறின் எட்டு ஷில்லிங். ஒன்றில் தவறின் மூன்றிலொரு பங்கு குறையும். ஆதலின் ஆசிரியர்தம் கண் பிள்ளையின் அறிவை விட்டுப் பரிசோதகர் வரும் நாளையே நோக்கலாயிற்று. இக்குறை இலங்கைக்கும் உடன் வந்தது.

அன்பர் உதவி மாத்திரையாற் பள்ளி என்றும் நிலைபெறும் எனக் கருதுதலும் பிழை. நாவலரவர்கள் 1872-இல் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை பொருண்முடையாற் சில ஆண்டுகளில் நின்றொழிந்தது. சைவர்க்கு நிலையான ஆங்கிலக் கல்லூரி வாய்க்க, சைவபரிபாலன சபை தோன்றி 1890-இல் முயலவேண்டியதாயிற்று.

ஆகலின் இக்காலத்து உதவி வேண்டி விண்ணப்பிக்கும் ஆசிரியர் அறியவேண்டுவன இவை. சிறிதாயினும் பணியை முன்னர்த் தொடங்குக. வரவிடாப்பும் செலவுக் கணக்கும் என்றும் செம்மையாய் இருத்தல் வேண்டும். விதி மாறும் நாள் முன்னறிவித்து வருவதன்று. கொடுப்போர் விதிக்கும் நிபந்தனையை முழுதும் வாசித்து, அது பிள்ளைகளின் கல்வியைத் திரிக்குமாயின், அப்பொருள் எத்துணைப் பெரிதாயினும் வேண்டாமென விடுக. தக்கதாயின் கூசாது கேட்க; பிள்ளைகளின்பொருட்டுக் கேட்டல் இரத்தலாகாது.